கண்ணாடித் தொட்டியும் கடற்கரை மக்களும்

கிழக்கிலங்கையின் தென்பாதியில் ஊர்ப்பெயர்களே கடலின் கதையைச் சொல்கின்றன. கல்முனை, மருதமுனை, வீரமுனை எனச் சில முனைகள். காரைதீவு என ஒரு தீவு. சம்மாந்துறை என ஒரு துறை. இன்று வீரமுனையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கடல் தெரிவதில்லை, வயல்வெளிகளே தெரிகின்றன. எனினும், சீர்பாததேவி ஏறிவந்த கப்பல் வந்து தங்கிய இடம் என்றே அவ்வூர் மக்கள் தம் பிள்ளையார் கோயிலின் வரலாற்றைக் கூறிவருகின்றனர். சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்தடைந்த துறையே சம்மாந்துறை ஆயிற்று என்பது அயலிலுள்ள முஸ்லிம் மக்களின் வழக்கு. ஐதிகங்களை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கோயிலின் கதையும் துறையின் கதையும் ஒரே கடலிலிருந்து தொடங்குகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய கரையிலே பிறந்த பிள்ளைகள், உயிருள்ள கடல்மீன் நீந்துவதைக் கண்ணாரக் காண வேண்டுமாயின் என்ன செய்கின்றனர்? கல்விச் சுற்றுலா என்ற பெயரில் இரவு முழுதும் பஸ்ஸிலே இருந்து, தீவின் குறுக்கே மறுகரைக்குச் சென்று, தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையின் கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றனர். வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் கடல். அக்கடலின் மீன் அவர்களுக்குக் கரைவலை மணலிற் கொட்டும் குவியலாகத் தெரியும், சந்தையில் தராசுத் தட்டில் தெரியும், கறிச்சட்டியில் தெரியும். அது எவ்வாறு மூச்சுவிடுகிறது, எங்கே முட்டையிடுகிறது, எதை அஞ்சி ஒளிகிறது என்பதைக் காட்டுவார் இல்லை. பிடிப்பவர் ஒருவர், காண்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை இயற்கை வகுத்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு. கடலைக் கண்ணாடிக்குள் அடைத்த மனிதரின் வரலாறே அது.

கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு தையற்காரப் பெண். பிரான்சிலே சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகளாக 1794இல் பிறந்த ழான் வில்ப்ரூ பவர், பாரிஸ் நகரில் உடை தைத்து வாழ்ந்தவர். மணமாகிச் சிசிலித் தீவின் மெசினாத் துறைக்குச் சென்ற பின் அவர் கடற்கரையையே தம் பள்ளியாக்கிக்கொண்டார். ஆர்கொனோட்டு என்பது கணவாய்க்கு உறவான எண்காலி உயிர். அது தாளினும் மெல்லிய ஓட்டினுள் வாழ்வது. அந்த ஓடு அதன் சொந்த ஓடா, பிறிதோர் உயிரின் ஓட்டைக் களவாடிக் குடியிருக்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்தனர். இறந்த உடலை மேசையில் வைத்துக்கொண்டு நடந்த வாதம் அது. 1832இல் அப்பெண் கண்ணாடித் தொட்டி செய்வித்து, அவ்வுயிரை உயிரோடு வைத்துப் பார்த்தார். ஓட்டை உடைத்துவிட்டால் அது தானே அதனைச் செப்பனிடுவதைக் கண்டார். வாதம் முடிந்தது. உழைத்துப் பழகிய கையும் பொறுமையான கண்ணும் ஒன்றுசேர்ந்தபோது விஞ்ஞானம் ஓரடி முன்னேறியது.

லண்டனிலே, 1846ஆம் ஆண்டளவில், அன்னா தின் என்னும் சீமாட்டி தம் வீட்டில் உயிர்ப்பவளங்களை வளர்த்தார். நீரில் ஒட்சிசன் குறையாதிருக்க, திறந்த சாளரத்தின் முன்னால் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்ற வேண்டியிருந்தது. நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் நீண்ட அவ்வேலையைச் செய்தவள் வீட்டு வேலைக்காரப் பெண். பவளம் பிழைத்தது, சீமாட்டியின் பெயர் நிலைத்தது, நீர் ஊற்றிய பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மீன்காட்சிச்சாலையின் வரலாறெங்கும் இந்தப் பெயரில்லாத கையை நாம் சந்திக்கப்போகிறோம்.

1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதிருந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. நீர்த்தாவரம் ஒட்சிசனைத் தர, மீன் அதனைக் கொள்ள, இரண்டும் ஒரே தொட்டியில் சமநிலையோடு வாழலாம் என்பதை இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்ரன் 1850இல் விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்ப்பதற்கென ‘மீன் வீடு’ திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டி உதவிய பிலிப் ஹென்றி கொஸ், அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலின் மூலம் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை நாடெங்கும் பரப்பினார்.

அதன் விளைவு என்ன? ஆங்கில நாட்டு நடுத்தர வர்க்கம் கடற்கரையை நோக்கிப் படையெடுத்தது. புகையிரதத்தில் வந்திறங்கியோர் கூடையும் உளியும் கொண்டு பாறைக்குட்டைகளைத் துருவினர். விருந்தினர் அறையில் ஒரு கடல் இருக்க வேண்டும் என்பது நாகரிகமாயிற்று. தலைமுறை ஒன்று கழிந்தபின், கொஸின் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலிலே, தம் தந்தையின் நூல்களே அக்கரைகள் கொள்ளைபோகக் காரணமாயின என்று வருந்தி எழுதினார். கடலை நேசிக்கக் கற்பித்த நூல் கடற்கரையைச் சூறையாடவும் வழிகாட்டிற்று. நேசம் சந்தைப் பொருளாகும்போது அதுவும் ஒரு கொள்ளை முறையாகிவிடுகிறது என்பதே இதன் பாடம்.

வேறொரு வழியும் அக்காலத்திலேயே தோன்றியது. 1872இல் நேப்பிள்ஸ் நகரில் அன்ரன் டோர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கடலுயிர் ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். அதன் கீழ்த்தளத்தில் 1874இல் பொதுமக்களுக்கான மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. பார்வையாளர் செலுத்திய கட்டணம் மேல்தளத்து ஆராய்ச்சிக்கு உதவியது. அங்கே சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த சல்வற்றோர் லோ பியாங்கோ, மென்மையான கடலுயிர்களை உருக்குலையாமற் பதப்படுத்தும் கலையில் உலகப் புகழ் பெற்றார். கதவு சற்றுத் திறந்திருந்தாலே உழைப்பாளி வீட்டுப் பிள்ளை எங்கு சென்றடைய முடியும் என்பதற்கு அவர் சான்று.

இனி நம் கடலுக்கு வருவோம். இங்கே கதை வேறுவிதமாக நடந்தது. கதவு திறக்கப்படவில்லை, அறிவு மட்டும் வெளியே எடுத்துச் செல்லப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடி டேனியர் வசமிருந்தது. அங்கிருந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளொக்குக்கு அனுப்பி வந்தார். புளொக் 1793இல் ஒரு மீனினத்துக்கு ‘ஜோனியஸ் கருத்தா’ என்று பெயரிட்டார். ஜோனியஸ் என்பது பாதிரியாரின் பெயர். கருத்தா என்பது யாது? தரங்கம்பாடி மீனவர் அம்மீனைக் கறுத்த கத்தாளை என்று அழைத்தனர். அந்தக் ‘கறுத்த’ தான் இலத்தீன் உடை உடுத்து இன்றும் உலக நூல்களில் நிற்கிறது. அம்மீனை இனம்பிரித்து, நிறங்கண்டு, பெயரிட்டு, வலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவனுக்கு ஒரு பெயர்ச்சொல்லும் கிடைக்கவில்லை. அவன் வாயிலிருந்து உதிர்ந்த ஒரு பெயரடை மட்டுமே தங்கிற்று.

1848இல் இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியிலிருந்து எழும் இனிய ஒலியைப் பற்றிக் கேள்வியுற்று, இரவில் தோணியேறிச் சென்று, நீருக்கடியிலிருந்து வந்த ஓசையைத் தம் காதாலேயே கேட்டார். உலகம் அதனைப் ‘பாடும் மீன்’ என்று அறியும். ஆனால் அவ்வூர் மீனவர் அவரிடம் காட்டியது மீனையன்று. ஊரி இனத்தைச் சேர்ந்த சிப்பியுயிரையே அவ்வொலிக்குக் காரணமாகக் காட்டினர். அவர்கள் கூற்றுச் சரியா பிழையா என்பது வேறு விடயம். ஒலி எங்கிருந்து எழுகிறது, எவ்விரவில் கேட்கும் என்று நோக்கி, காரணம் தேடி, ஒரு விளக்கத்தை முன்வைக்கும் விஞ்ஞான மனம் அத்தோணிக்காரரிடம் இருந்தது. அந்த மனத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியை, ஒரு பள்ளியைக் கொடுக்க எந்த அரசும் எண்ணவில்லை.

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு இதனினும் தெளிவான பாடம். சிப்பிப் படுக்கைகள் சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வறண்டும் கிடந்தமைக்குக் காரணம் அறிய, 1902இல் இலங்கை அரசு பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்ணெல் காலியிலே ஒரு சிறு கடலுயிர் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. அதன் விஞ்ஞானப் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1905ஆம் ஆண்டின் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் மேலே கொண்டுவரப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிக் கரைப் பரதவரும் அரபு நாட்டுக் குளிகாரரும் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கி அள்ளியவை அவை. மூன்றிலிரண்டு பங்கு அரசுக்கு. மூன்றிலொரு பங்கு குளித்தவர்க்கு. அறிக்கையின் இறுதித் தொகுதி வெளிவந்த அதே 1906இல், கடற்படுகை 20 ஆண்டுக் குத்தகையாக லண்டன் கம்பனியொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. இயற்கையின் ஏற்றத்தாழ்வு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தறிய முயன்ற விஞ்ஞானம் ஒரு கையிலும், விளைந்ததை விளைந்தபோதே அள்ளிவிடும் வாணிகம் மறுகையிலும் இருந்தபோது, ஏகாதிபத்திய அரசு எந்தக் கையின் சொல்லைக் கேட்டது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் மக்கள் கண்ட முதல் மீன்காட்சிச்சாலை 1909 ஒக்டோபரில் சென்னை மெரீனாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதற் பொது மீன்காட்சிச்சாலையும் அதுவே. அதற்குத் திட்டம் வகுத்தவர் சென்னை அரசாங்க நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கார் தேர்ஸ்டன். முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றி முன்னரே நூலெழுதியவர். அதே 1909இல் அவரது ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்ற நூல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. நூதனசாலைக்கு வந்த ஏழை மக்களை நிறுத்தி, கருவி கொண்டு அவர்தம் மண்டையையும் மூக்கையும் அளந்து திரட்டிய குறிப்புகளும் அந்நூலுக்கு உதவின. மீன் ஒரு பெட்டியில், மனிதன் ஒரு பட்டியலில்: இரண்டும் ஆள்வோரின் பார்வைக்கு. ஒரே ஆண்டில், ஒரே கையால் இரண்டும் நிறைவேறியது தற்செயலாயினும் பொருத்தமானதே.

ஆனால் மக்கள் அவற்றைத் தம் வழியில் ஏற்றுக்கொண்டனர். சென்னைப் பாமர மக்கள் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், பாடம் செய்த உடல்கள் வைக்கப்பட்ட நூதனசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தனர். நகைப்புக்குரிய பெயர்கள் என்று கற்றோர் சிரித்ததுண்டு. நாம் சிரிப்பதற்கில்லை. உண்மைக் கல்லூரியின் படியில் கால்வைக்க இயலாத மக்கள், தம் கண்ணாற் கற்கக் கிடைத்த இடத்தைக் கல்லூரி என்று அழைத்தனர். கற்கும் வேட்கையின் சான்று அது.

இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி, 1942இல் மெரீனாத் தொட்டிகள் மூடப்பட்டன. சுதந்திரம் பிறந்த 1947ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு கடல் மீனியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அது பின்னர் இராமேசுவரத்துக்கு அயலிலுள்ள மண்டபம் முகாமில் நிலைகொண்டது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்பும் மண்டபத்தில் அதன் கிளையும் மீன்காட்சிச்சாலையும் தொடர்ந்தன. மண்டபம் முகாம் என்ற பெயர் மலையக மக்களுக்கு வேறொரு நினைவைத் தரும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர், நோய்ச் சோதனைக்கென அடைத்துவைக்கப்பட்ட இடம் அது. மனிதரைத் தடுத்துவைத்த முகாமில் மீனைப் பற்றிய மக்கள் விஞ்ஞானம் பிறந்தது ஒரு நல்ல மாற்றமே. ஆயினும் அம்மனிதரின் கதையைச் சொல்லும் ஒரு கண்ணாடிப் பேழையும் அங்கே மீன்களின் அருகில் இருத்தல் தகும்.

இலங்கையில், தெகிவளைத் தொட்டிகள் 1950களிலிருந்து பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கடலின் முதற் பாடத்தைப் புகட்டியுள்ளன. அதே காலத்தில், ரொட்னி ஜொங்க்லஸ் போன்ற சுழியோடிகளின் முயற்சியால், அலங்காரக் கடல்மீன்களை உயிரோடு பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் வாணிகமும் இங்கு வளர்ந்தது. நன்னீர் அலங்கார மீன்களுட் பல பண்ணைகளில் இனம்பெருக்கப்படுபவை. கடல்மீன்களோ பெரும்பாலும் முருகைக்கற் பாறைகளிலிருந்து நேரே பிடிக்கப்படுபவை. தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும் மாதங்களில் பிடிப்போர் கிழக்குக் கரைக்கு வருவர். பாறை மீது கவிழ்த்து இழுக்கும் வலை மீனோடு முருகைக்கல்லையும் முறித்துவிடும். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழும் சுழியோடியின் இரத்தத்தில் நைதரசன் குமிழிகளாகி மூட்டையும் முதுகெலும்பையும் தாக்கும். காலிழந்து பாயிற் படுத்துவிட்ட இளைஞர் உண்டு. கடல் கடந்த நாடொன்றின் வரவேற்பறையில் ஒளிரும் வண்ண மீனுக்குப் பின்னால் இத்தனையும் நிற்கின்றன. விக்டோரியா காலத்துச் சீமான்களின் கடற்கரைக் கூடை இப்போது விமானத்திற் பறக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

அவ்வாறாயின் கண்ணாடித் தொட்டியே வேண்டாம் என்று நாம் கூறுகிறோமா? அன்று. கத்தி கையிலிருப்பவனைப் பொறுத்தது. தொட்டியை வேறு விதத்தில் ஆளமுடியும் என்பதற்கு இக்காலத்திலேயே உதாரணம் உண்டு.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர்த் தீவில், யூக்ளூலெட் என்றொரு சிற்றூர். ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ஊர். மீன்பிடியும் மரந்தறித்தலும் நெடுங்காலத் தொழில். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அப்பழங்குடி மக்களின் கரை அது. அங்கே 2004இல் ஒரு சிறு கொட்டகையளவில் தொடங்கப்பட்ட மீன்காட்சிச்சாலை, 2012இல் நிலையான கட்டிடமாயிற்று. அதன் விதி எளியது. அயற்கடலின் உயிர்கள் மட்டுமே அங்கு வைக்கப்படும். இளவேனிலிற் பிடிக்கப்படும் உயிர்கள் ஆண்டின் இறுதியில், குளிர்காலத்துக்கு முன், மீண்டும் கடலில் விடப்படும். தொட்டிகளுக்கு நீர் துறைமுகத்திலிருந்தே குழாய்வழி வந்து, திரும்பக் கடலுக்கே செல்கிறது. தூரதேசத்து விநோத மீன் எதுவும் இல்லை. சுறா பாயும் கண்ணாடிக் குகை இல்லை. ஆழமற்ற திறந்த தொட்டிகளிலே பிள்ளைகள் கையை நனைத்து, மெல்ல விரல் வைத்து, நட்சத்திர மீனையும் கடல்முள்ளியையும் கடலட்டையையும் தொட்டறிகின்றனர். ஆண்டுதோறும் வெறுமையாகி, ஆண்டுதோறும் புதிதாகும் காட்சிச்சாலை அது. கடன் வாங்கிக் காட்டித் திருப்பிக் கொடுக்கிறது.

தொடுதல் என்பது விளையாட்டன்று. நட்சத்திர மீனின் அடியில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நீரழுத்தத்தால் நீண்டு சுருங்குவதை உள்ளங்கையில் உணர்ந்த பிள்ளைக்கு, அது கல்லன்று, உயிர் என்பதை எவரும் போதிக்க வேண்டியதில்லை. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலை உண்டு, தூய மணலை வெளியேற்றும் கடலட்டையை ஒரு மணிநேரம் நோக்கியவன், கடலின் அடித்தளத்தை உழும் உழவன் இது என்று கண்டுகொள்வான். ஏற்றுமதிக்காக அளவின்றி அள்ளப்பட்டு அவ்வுயிர் அருகும்போது கெடுவது எது என்பதும் அவனுக்கு விளங்கும். தொட்டியின் நீர் கெடாதிருப்பதற்குக் காரணமும் அவன் கண்ணுக்குத் தெரியாத உழைப்பே. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா நஞ்சை, மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அவை இறந்தால் சில நாட்களில் தொட்டி இறக்கும். பெயரில்லாக் கைகள் தாங்கும் உலகம் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லும்?

இத்தகைய ஒரு சிறு இல்லம் கல்முனைக் கரைக்கு வேண்டும் என்பதே நம் கருத்து. சோற்றுக்கு அல்லற்படும் மக்களுக்குக் கண்ணாடித் தொட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேர்மையானது, விடையும் இக்கரையிலேயே இருக்கிறது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. கரையை விட்டுக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்ற ஒரு வரி அறிவு பலரிடம் இருக்கவில்லை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டின் பேரலையை நினைவுகூரும் வாய்மொழிக் கதை வழங்கி வந்தது. அக்கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் மேட்டுக்கு ஓடினர். நிலநடுக்கத்தின் மையத்துக்கு அண்மையில் இருந்தும் அங்கு மாண்டவர் மிகச் சிலரே. கடலறிவு ஆடம்பரமன்று, அது உயிர்.

2013 செப்டெம்பரில், டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலையோடு நகர்வது. கடலுக்குள் நீட்டிய கல்லணை அந்நகர்வை மறித்தது. தெற்கே மணல் குவிந்து துறைமுக வாயிலை அடைத்தது. மணல் கிடைக்காத வடகரையைக் கடல் அரித்துத் தின்றது. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்தில் தென்னைகளும் நிலமும் கடலிற் சரிந்தன. வாயிலைத் தோண்டித் திறக்க வேண்டும் என்று மீனவர் கோர, திறந்தால் நிலம் போகும் என்று நிலத்துக்குரியோர் தடுக்க, உழைக்கும் மக்களின் இரு பகுதியினர் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். ஒரு தட்டில் மணலும் நீரும் இட்டு, ஒரு பக்கமிருந்து சாய்வாக அலையெழுப்பி, நடுவே ஒரு கல்லை நட்டுவைத்தால், என்ன நிகழும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவன் கால்மணி நேரத்தில் காண்பான். அந்தத் தட்டு நம் மீன்காட்சிச்சாலையின் முதற் தொட்டியாக அமையட்டும். கரையில் ஒரு கல்லை நடுமுன் கரை மக்களிடம் அந்தத் தட்டைக் காட்டி விவாதிக்க வேண்டும் என்று கோரும் தலைமுறையை அது உருவாக்கும்.

இரண்டாவது தொட்டியில் மீன் வேண்டாம். கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கு போதும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக்கு மணிகள் கடலிற் சிதறின. முத்தின் பெயர் தாங்கிய கப்பல், முட்டையென மீன் மயங்கி விழுங்கும் போலி மணிகளைக் கொட்டிற்று. மேற்குக் கரை மீனவர் வலை போட இயலாது கரையிலிருந்தனர். கடலைப் பாதுகாத்தல் என்று சொல்லும்போது, தோணாவில் குப்பை கொட்டாதே என்று ஏழைப் பிள்ளைக்கு உபதேசிப்பதோடு நின்றுவிட முடியாது. குப்பையைச் செய்து விற்பவன் யார், அதனை அள்ளக் கடமைப்பட்டவன் யார், நட்டத்தைச் சுமப்பவன் யார் என்ற கேள்விகளையும் அந்தத் தொட்டியின் மேல் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது தொட்டிகளில் நம் கடலின் உயிர்கள் இருக்கட்டும்: முருகைக்கல்லில் வாழும் சிறு மீன், களப்பின் நண்டு, ஊரி, கடலட்டை. அவற்றின் பெயர்ப்பலகையில் இலத்தீன் பெயருக்கு முன்னால், மருதமுனை மீனவர் சொல்லும் பெயரும் பாண்டிருப்பு மீனவர் சொல்லும் பெயரும் இடம்பெறட்டும். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், யாழ்நூல் தந்த இசையறிஞர் மட்டுமல்லர்; விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர், தமிழிலே கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர். அப்பணியின் மிச்சம் இக்கரை மீனவரின் நாவிலே காத்துக்கிடக்கிறது. முதிய கடற்றொழிலாளர் ஒருவர் அங்கே ஊதியம் பெறும் ஆசிரியராக அமர்ந்து, நீரோட்டத்தையும் மீன்பாட்டையும் பருவத்தையும் சொல்ல, பட்டதாரி ஆசிரியர் அதனைக் குறித்துக்கொண்டு மாணவரோடு சோதித்துப் பார்க்க வேண்டும். சொல்பவர் கூற்று எங்கே பிழைக்கிறதோ அங்கே அதனையும் தயங்காமல் எடுத்துரைக்க வேண்டும். மக்களை மதித்தல் என்பது மக்களின் ஒவ்வொரு நம்பிக்கையையும் வணங்குதல் அன்று.

இன்னுமொன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் தமிழர் இரத்தமும் முஸ்லிம்கள் இரத்தமும் சிந்திய மாகாணம் இது. வீரமுனையும் அவ்வாண்டின் கொலைகளைக் கண்ட ஊரே. அதன் பின் இரு சமூகத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில், ஒருவரையொருவர் அறியாது வளர்ந்து வருகின்றனர். அவர்கள் பக்கத்திற் பக்கமாக நின்று கை நனைக்கத்தக்க பொது இடங்கள் மிகச் சில. ஒரு தொட்டியைச் சுற்றி இருபது பிள்ளைகள் நிற்கலாம். ஒரே நட்சத்திர மீனை இருவர் இரு பெயரால் அழைப்பதைக் கேட்டு இருவரும் வியக்கலாம். இதனால் இனப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நாம் பேதைமையாய்க் கூறவில்லை. ஆயினும் கூடிக் கற்காத மக்கள் கூடிப் போராடுவதில்லை என்பதை வரலாறு காட்டுகிறது.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பாடசாலையொன்றின் பழைய அறை, சில தொட்டிகள், கடல்நீர் ஏற்றும் ஒரு பம்பி, உயிரைத் திருப்பிக் கடலில் விடும் விதி, அவ்விதியைக் காக்கும் ஆசிரியர் நால்வர் போதும். தையற்காரப் பெண்ணுக்கு இதனினும் குறைவாகவே இருந்தது. இக்கரையின் ஆசிரியர்களும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒன்றுகூடி முதலடியை எடுத்து வைக்கலாம். கடலைக் காக்கும் கடமையைக் கரை மக்களுக்குப் போதிக்க இன்று பலர் முன்வருகின்றனர். கடலை அறியும் உரிமையும், அதன் கரையில் எது நிகழவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அம்மக்களுக்கே உரியவை என்று முதலில் ஏற்போம். காக்கும் கடமையை அவர்கள் எவரும் சொல்லாமலே செய்வர்.